கஷாயமும் குடிக்கலாம், இன்ஹேலரை எறியாதீர்கள்!

"ஆஸ்துமா ஆளைக் கொல்லாது, ஆனால் ஆயுசுக்கும் விடாது" என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு.

இதில் முதல் பாதி பொய்.

2019-ம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் 4 லட்சத்து 55 ஆயிரம் பேர் ஆஸ்துமாவினால் இறந்தார்கள். அந்த ஆண்டில் இந்த வியாதி இருந்தவர்கள் 26 கோடியே 20 லட்சம் பேர். இது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. இறந்தவர்களில் பெரும்பாலோர் ஏழை நாடுகளையும், நம்மைப் போன்ற நடுத்தர நாடுகளையும் சேர்ந்தவர்கள்.

இத்தனைக்கும் இதற்கு நல்ல மருந்து இருக்கிறது. அது கடையில் கிடைக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியிலும் கிடைக்கிறது.

பிறகு ஏன் இந்தச் சாவு?

மருந்து கிடைக்காததும், வியாதியைச் சரியாகக் கண்டுபிடிக்காததும் பெரிய காரணங்கள். ஆனால் கையில் இருக்கும் மருந்தைக் கண்டு பயப்படுவதும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம். "பம்பு வைத்தால் பழகிவிடும். அதை விட்டுவிட்டுக் கஷாயம் குடி. மூச்சுப் பயிற்சி செய். எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லாத வீடு குறைவு.

கஷாயம் குடிக்கலாம். மூச்சுப் பயிற்சியும் செய்யலாம். அவற்றால் நன்மை உண்டு. ஆனால் "அதை விட்டுவிட்டு" என்று சொல்கிறார்களே, அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

மார்புக்குள் நடப்பது என்ன?

நாம் இழுக்கும் காற்று மூச்சுக்குழல் வழியாக நுரையீரலுக்குப் போகிறது. அந்தக் குழல் மரத்தின் கிளைகளைப் போலப் பிரிந்து பிரிந்து மெலிந்துகொண்டே போகும்.

ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்தக் குழலின் உட்சுவர் எப்போதும் சற்று வீங்கியே இருக்கும். தூசியோ, புகையோ, பனியோ, சளிக்காய்ச்சலோ வந்தால் மூன்று காரியங்கள் நடக்கின்றன.

குழலைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. உட்சுவர் மேலும் வீங்குகிறது. கெட்டியான சளி வழியை அடைக்கிறது.

இதனால் உள்ளே போன காற்று வெளியே வரச் சிரமப்படுகிறது. அதனால்தான் புல்லாங்குழல் போல "வீங், வீங்" என்று சத்தம் கேட்கிறது.

ஒன்றை மட்டும் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரைப்பு நின்றுவிட்டால் வீக்கமும் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. சத்தம் அடங்கிய பிறகும் உள்ளே வீக்கம் இருக்கும். சாம்பல் மூடிய நெருப்பு போல!

சரகர் சொன்னது என்ன?

"ஆயுர்வேதத்தில் ஆஸ்துமாவை வேரோடு பிடுங்கி எறிய மருந்து இருக்கிறது" என்று சிலர் விளம்பரம் செய்கிறார்கள். ஆயுர்வேதத்தின் மூல நூல்களில் ஒன்றான சரக சம்ஹிதை என்ன சொல்கிறது என்று பார்ப்போமா?

மூச்சு வியாதிகளை சரகர் ஐந்து வகையாகப் பிரிக்கிறார். அவற்றில் "தமக சுவாசம்" என்பதன் அடையாளங்கள் நம் ஆஸ்துமாவுக்கு அப்படியே பொருந்துகின்றன. மேகம் மூடினால், மழை பெய்தால், குளிர்ந்தால் அது அதிகமாகும். படுத்தால் மூச்சு முட்டும். எழுந்து உட்கார்ந்தால் சற்றுச் சுகம். நோயாளிக்குச் சூடான பொருள்களில்தான் விருப்பம் இருக்கும்.

எவ்வளவு கூர்மையான பார்வை!

இந்த வியாதி தீருமா என்பதற்கும் அவர் பதில் சொல்கிறார். புதிதாக வந்ததாக இருந்தால் தீரலாம். மற்றபடி இது "யாப்யம்" என்கிறார். அதாவது, தொடர்ந்து வைத்தியம் செய்து அடக்கி வைக்க வேண்டிய வியாதி.

இன்றைய டாக்டர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். ஆஸ்துமாவை அடக்கி வைக்கலாம். அடக்கி வைத்துக்கொண்டு ஓடலாம், ஆடலாம், உழைக்கலாம். ஆனால் வைத்தியத்தை விட்டுவிடக் கூடாது. "ஒரே மண்டலத்தில் ஒழித்துக் கட்டுவேன்" என்று சொல்பவர் இங்கிலீஷ் வைத்தியத்துக்கு மட்டும் அல்ல, ஆயுர்வேதத்துக்கும் விரோதமாகப் பேசுகிறார்.

செடி கொடுத்த மருந்துகள்

மூலிகையைக் கேலி செய்பவர்களும் உண்டு. அவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் மருந்துகள் சிலவற்றுக்குத் தாய் வீடு செடிதான்.

நம் ஊர் வேலி ஓரத்தில் வளரும் ஆடாதொடையில் "வாசிசின்" என்ற பொருள் இருக்கிறது. அதைப் பின்பற்றிச் செய்யப்பட்டதுதான் "புரோம்ஹெக்சின்" என்ற மருந்து. இன்று பல இருமல் டானிக்குகளில் அது இருக்கிறது. கெட்டிச் சளியை இளக்குவது அதன் வேலை.

1888-ல் ஆல்பிரெக்ட் கோசல் என்ற ஜெர்மன் விஞ்ஞானி தேயிலையில் "தியோபிலின்" என்ற பொருளைக் கண்டுபிடித்தார். இரைப்புக்கு நம் மக்கள் கேட்டு வாங்கும் டெரிபிலின் மாத்திரையில் அது இருக்கிறது.

இந்தக் கதையில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் சென்னையில் தலைமை வைத்தியராக இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். இரைப்புக்கு ஊமத்தையைப் புகைக்கும் வழக்கத்தை அவர் இங்கே கையாண்டார். 1802-ல் ஜெனரல் ஜென்ட் என்பவர் அந்த முறையை இங்கிலாந்துக்குக் கொண்டு போனார். அதன் பிறகு மேல்நாடுகளில் "ஆஸ்துமா சிகரெட்" என்றே விற்றார்கள்!

ஆனால் ஊமத்தை கடுமையான விஷம். அளவு சற்று மீறினால் புத்தி பேதலிக்கும், உயிரும் போகலாம். அதில் உள்ள பொருளை ஆராய்ந்து, பிற்காலத்தில் "இப்ராட்ரோபியம்" என்ற பாதுகாப்பான இன்ஹேலர் மருந்தைச் செய்தார்கள். இன்று யாரும் ஊமத்தையைத் தொட வேண்டிய அவசியம் இல்லை.

செடியில் குணம் இருப்பது உண்மை. எவ்வளவு கொடுப்பது, எந்த வழியில் கொடுப்பது என்பதில்தான் மருந்தும் விஷமும் பிரிகின்றன.

வீட்டு வைத்தியம் எதுவரை?

சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகம். துளசி, தூதுவளை, கற்பூரவல்லி, கண்டங்கத்திரி. இவை நம் வீட்டுச் சொத்து. தொண்டைக்கு இதம் தரும். சளியை இளக்க உதவும். மிளகு ரசமும் வெந்நீரும் மழைக்காலத்தில் கொடுக்கும் சுகத்தை யார் மறுக்க முடியும்?

ஆனால் இறுகிய மூச்சுக்குழலை ஐந்து நிமிடத்தில் திறக்கும் சக்தி இவற்றுக்கு இல்லை. திணறல் வந்த நேரத்தில் கஷாயம் கொதிக்க வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

தாய்மார்கள் வேறு சில விஷயங்களிலும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது.

கைக்குழந்தையின் மூக்கிலும் மார்பிலும் கற்பூரத் தைலம் தடவக் கூடாது.

கர்ப்பிணிகள் ஆடாதொடையைத் தாங்களாகவே சாப்பிடக் கூடாது. அது கர்ப்பப்பையைத் தூண்டக் கூடியது.

அதிமதுரத்தை நாள் கணக்கில் சாப்பிட்டால் ரத்தக் கொதிப்பு ஏறும்.

சர்க்கரை வியாதி உள்ளவர்கள் லேகியமும் மணப்பாகும் சாப்பிடுமுன் அதிலுள்ள வெல்லத்தையும் சர்க்கரையையும் கணக்கில் வைக்க வேண்டும்.

குழந்தைக்குக் கொதிக்கும் நீரில் ஆவி பிடிக்க வைக்காதீர்கள். பாத்திரம் கவிழ்ந்தால் உடம்பு வெந்துவிடும். ஆவியினால் ஆஸ்துமா அடங்குவதும் இல்லை.

எதைச் சாப்பிடுவது?

"வாழைப்பழம் கூடாது. தயிர் கூடாது. ஆரஞ்சு கூடாது. பால் கூடாது." இப்படி ஒவ்வொன்றாக நிறுத்திக் குழந்தையை எலும்பும் தோலுமாக ஆக்கிவிடுகிறார்கள். வளரும் குழந்தைக்கு இது பெரிய அநியாயம்.

எல்லோருக்கும் பொதுவான பத்தியம் என்று ஆஸ்துமாவுக்குக் கிடையாது. சிலருக்குச் சில பொருள்கள் ஒத்துக்கொள்ளாது. அது உண்மை. அதைக் கண்டுபிடிக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். என்ன சாப்பிட்டபின் மூச்சு முட்டியது என்று தேதி போட்டு எழுதுங்கள். அதே பொருளினால் மறுபடி மறுபடி முட்டினால் டாக்டரிடம் காட்டுங்கள். அதை மட்டும் விலக்கினால் போதும்.

எல்லோரும் செய்யக் கூடியது ஒன்று உண்டு. இரவுச் சாப்பாட்டைப் படுப்பதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பே அரை வயிறாக முடியுங்கள். வயிற்றுப் புளிப்பு மேலே எதுக்களித்தால் இரவில் இருமலும் இரைப்பும் அதிகமாகும். உடல் பருமன் உள்ளவர்கள் எடையைக் குறைத்தால் மூச்சு லேசாகும்.

கீரை, காய், பழம், பருப்பு, மீன் எல்லாம் சாப்பிடலாம். ஒத்துக்கொள்பவர்களுக்குத் தடை ஏதும் இல்லை.

மூச்சுப் பயிற்சியின் பலன்

பிராணாயாமத்தின் பலன் வெறும் நம்பிக்கை அல்ல. 1985-ல் பெங்களூரைச் சேர்ந்த டாக்டர் நாகரத்னா, டாக்டர் நாகேந்திரா இருவரும் செய்த ஓர் ஆராய்ச்சி பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது.

53 ஆஸ்துமா நோயாளிகளுக்கு இரண்டு வாரம் ஆசனம், பிராணாயாமம், தியானம் எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். தினம் 65 நிமிடம் செய்யச் சொன்னார்கள். வழக்கமான மருந்தை மட்டும் சாப்பிட்ட வேறு 53 பேருடன் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். யோகப் பயிற்சி செய்தவர்களுக்கு இரைப்பு வருவது குறைந்தது. மருந்தின் தேவையும் குறைந்தது.

கவனியுங்கள். மருந்தின் தேவை குறைந்தது என்பதுதான் சேதி. முதல் நாளே மருந்தை நிறுத்துங்கள் என்று அந்த டாக்டர்கள் சொல்லவில்லை. பயிற்சியினால் குணம் தெரிந்தால், மருந்தைக் குறைப்பது டாக்டரின் வேலை.

சுலபமான இரண்டு பயிற்சிகளைச் சொல்கிறேன். இரைப்பு இல்லாத நேரத்தில் செய்யுங்கள்.

ஒன்று: நிமிர்ந்து உட்காருங்கள். ஒரு கையை வயிற்றின் மேல் வையுங்கள். மூக்கினால் மெதுவாக மூச்சை இழுங்கள். வயிறு முன்னே வர வேண்டும். மார்பும் தோளும் தூக்கக் கூடாது. பிறகு மெதுவாக விடுங்கள்.

இரண்டு: மூக்கினால் இழுத்த மூச்சை, விளக்கை ஊதுவது போல உதட்டைக் குவித்து வாயினால் விடுங்கள். இழுத்த நேரத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் விடுங்கள்.

காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் போதும். மூச்சை வெகு நேரம் அடக்க வேண்டாம். இரைப்பு இருக்கும்போது வேகமாக மூச்சு விடும் பயிற்சிகள் வேண்டவே வேண்டாம்.

வீட்டுக்குள் இருக்கும் எதிரி

கஷாயத்துக்கு மூலிகை தேடி ஊரெல்லாம் அலைகிறோம். மாலையானதும் வீட்டைச் சாத்திக்கொண்டு கொசுவர்த்தி ஏற்றுகிறோம்! ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிந்தால் 75 முதல் 137 சிகரெட் வரை எரித்ததற்குச் சமமான நுண்துகள் வெளிவருகிறது என்று 2003-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி சொல்கிறது. அதற்குப் பதில் கொசுவலை கட்டலாம்.

பீடி, சிகரெட், விறகடுப்பு, சாம்பிராணி, ஊதுவத்தி எல்லாமே புகைதான். போகிப் புகையும் தீபாவளி மத்தாப்பும் அப்படியே. வீட்டில் ஒருவருக்கு ஆஸ்துமா இருந்தால், சாமிக்கு ஒரு பூ கூடுதலாக வையுங்கள், புகையைக் குறையுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

தலையணை உறையையும் போர்வையையும் வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப் போடுங்கள். கரப்பான் பூச்சிக்கு இடம் கொடுக்காதீர்கள். இதுவும் வைத்தியம்தான்.

பம்பு பழகிவிடுமா?

இப்போது அந்தப் பெரிய பயத்துக்கு வருவோம்.

சால்பியூட்டமால் இன்ஹேலரை ஒரு முறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம் மருந்து. அதே மருந்தை 4 மில்லிகிராம் மாத்திரையாக விழுங்கினால் 4,000 மைக்ரோகிராம்! அதாவது, ஒரு மாத்திரை 40 இழுப்புக்குச் சமம்.

மாத்திரை வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றிப் பிறகுதான் மார்புக்கு வருகிறது. அதனால் கை நடுக்கமும் படபடப்பும் அதிகம். இன்ஹேலரோ நேராக மூச்சுக்குழலுக்குப் போகிறது. மாத்திரைக்குப் பயப்படாதவர்கள் இன்ஹேலருக்குப் பயப்படுவது விந்தைதான்!

இன்ஹேலரில் இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, இறுகிய குழலை உடனே திறப்பது. மற்றொன்று, உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தினம் கொஞ்சமாக ஆற்றுவது. இரண்டாவது வகையில் இருப்பது மிகச் சிறிய அளவு ஸ்டீராய்டு. இழுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும்.

பலர் முதல் வகையை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள். அது போதாது. ஆஸ்துமாவுக்கான உலக நிபுணர் குழு 2019-ல் வைத்திய முறையையே மாற்றியது. குழலைத் திறக்கும் மருந்தை மட்டும் தனியே உபயோகிக்கக் கூடாது. வீக்கத்தை ஆற்றும் மருந்தும் உடன் இருக்க வேண்டும் என்று அது சொல்லிவிட்டது.

இன்ஹேலர் கள், கஞ்சா போலப் பழக்கம் அல்ல. மூக்குக் கண்ணாடி போட்டவருக்குக் கண்ணாடி பழகிவிட்டது என்றா சொல்கிறோம்? வியாதி நீடிப்பதனால் மருந்து நீடிக்கிறது. அவ்வளவுதான்.

இதில் ஒரு கொடுமையும் இருக்கிறது. கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணின் இன்ஹேலரைப் பீரோவில் ஒளித்து வைக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்தால் சம்பந்தம் முறிந்துவிடுமாம். புகுந்த வீட்டில் அந்தப் பெண் நடுராத்திரி மூச்சுத் திணறினால் என்ன செய்வாள்? மருந்தை எடுக்க வெட்கப்படுவாளா, உயிரைப் பார்ப்பாளா? பெற்றோர் யோசிக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டாரும் யோசிக்க வேண்டும்.

கர்ப்பிணிகளும் மருந்தை நிறுத்தக் கூடாது. தாய்க்கு மூச்சு முட்டினால் வயிற்றில் உள்ள குழந்தைக்கும் பிராணவாயு குறையும்.

ரகசியப் பொடி வேண்டாம்

பெயரும் இல்லாமல், சேர்மானமும் சொல்லாமல் பொட்டலம் கட்டி விற்கும் பொடிகள் இருக்கின்றன. "மூன்றே நாளில் குணம்" என்பார்கள். சில சமயம் குணம் தெரியவும் செய்யும்! ஏன் தெரியுமா? இத்தகைய பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு மாத்திரையை அரைத்துக் கலந்திருப்பது பரிசோதனைகளில் தெரிந்திருக்கிறது.

நாள்பட்டால் முகம் வீங்கும். சர்க்கரை ஏறும். எலும்பு பலவீனமாகும். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. இன்ஹேலரில் உள்ள துளி ஸ்டீராய்டுக்குப் பயந்தவர்கள், பொட்டலத்தில் உள்ள கரண்டி ஸ்டீராய்டைத் தெரியாமல் சாப்பிடுகிறார்கள்.

படித்துப் பட்டம் பெற்ற சித்த வைத்தியரும் ஆயுர்வேத வைத்தியரும் மருந்தின் பெயரைச் சொல்லுவார்கள். சொல்ல மறுப்பவரிடம் மருந்து வாங்காதீர்கள்.

எப்போது ஓட வேண்டும்?

நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச முடியவில்லை. உதடு நீலம் பாரிக்கிறது. விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே இழுக்கிறது. இன்ஹேலர் எடுத்தும் குணம் இல்லை. இரைப்புச் சத்தம் நின்றும் திணறல் நிற்கவில்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள்.

வண்டி வரும் வரை நோயாளியைப் படுக்க வைக்க வேண்டாம். நிமிர்த்தி உட்கார வையுங்கள். குழலைத் திறக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலரை ஒரு இழுப்பு கொடுங்கள். அரை நிமிடம் கழித்து இன்னொன்று. இப்படிப் பத்து இழுப்பு வரை கொடுக்கலாம். குழந்தைக்கு இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் குடுவை வழியாகக் கொடுக்க வேண்டும்.

சாதாரண நாட்களிலும் உங்களையே நான்கு கேள்வி கேட்டுப் பாருங்கள். சென்ற நான்கு வாரத்தில் வாரம் இரண்டு முறைக்கு மேல் பகலில் இரைத்ததா? இரைப்பினால் இரவில் விழித்தீர்களா? உடனடி மருந்து வாரம் இரண்டு முறைக்கு மேல் தேவைப்பட்டதா? இரைப்பினால் வேலை தடைப்பட்டதா? ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் வியாதி அடங்கவில்லை. டாக்டரைப் பாருங்கள்.

இரண்டு வாசல்

சென்னையை அடுத்த தாம்பரம் சானடோரியத்தில் அரசாங்க நெஞ்சுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. 1928-ல் தொடங்கியது. அதே தாம்பரம் சானடோரியத்தில் 2005-ல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இருக்கிறது. தமிழ்நாட்டின் பல அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் ஒரே வளாகத்துக்குள் சித்த வைத்தியப் பிரிவு இருக்கிறது.

அரசாங்கம் இரண்டு வாசலையும் திறந்தே வைத்திருக்கிறது. ஒன்றில் நுழைந்தால் மற்றொன்றை மூட வேண்டும் என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம்.

இரண்டு வைத்தியரிடமும் போங்கள். ஆனால் ஒருவரிடம் வாங்கும் மருந்தை மற்றவரிடம் மறைக்காதீர்கள். சித்த வைத்தியரிடம் இன்ஹேலரைக் காட்டுங்கள். டாக்டரிடம் சூரணத்தைக் காட்டுங்கள். யாராவது கோபித்தால் கோபித்துவிட்டுப் போகட்டும். மூச்சு உங்களுடையது!

ஆடாதொடைச் செடி கொல்லையில் வளரட்டும். மிளகு ரசம் அடுப்பில் கொதிக்கட்டும். காலையில் மூச்சுப் பயிற்சி நடக்கட்டும். இன்ஹேலர் மட்டும் சட்டைப் பையை விட்டுப் போகாமல் இருக்கட்டும்.